செர்ரால்போ பிரபுவின் வீடு: மாட்ரிட்டில் 3 யூரோவுக்குப் பார்க்கக் கிடைப்பது

மாட்ரிட்டுக்கு வருகிற நம்மவர்கள் பிராடோ ஓவியக்கூடம், அரச மாளிகை, கால்பந்து மைதானம் என்று மூன்றையும் பார்த்துவிட்டு பார்சிலோனாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிளாசா தெ எஸ்பான்யா சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், வென்டூரா ரோட்ரிகெஸ் தெரு 17ஆம் எண்ணில் செர்ரால்போ அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் 3 யூரோ. உள்ளே 50,000-க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்த ஒரு மனிதரின் வீடு, அவர் வைத்துவிட்டுப் போன மாதிரியே இருக்கிறது.

நான் கும்பகோணத்தில் அடகு நகைக்கு மதிப்புப் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் கைக்கு வந்தால் இது யாருடையது, எப்படி வந்தது, யார் காசு என்று கேட்கிற புத்தி மட்டும் இன்னும் போகவில்லை. அந்தப் புத்தியோடு பார்த்தால் இந்த வீட்டில் பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்ரிக்கே தெ அகிலேரா இ கம்போவா, செர்ரால்போவின் 17ஆவது மார்க்விஸ் (ஐரோப்பியப் பிரபுப் பட்டம்). 1845இல் மாட்ரிட்டில் பிறந்து 1922இல் அதே ஊரில் இறந்தார். பெரிய வம்சம், பழைய பட்டங்கள். அவர் சட்டம் படிக்கும்போது கூடப் படித்த நண்பர் ஒருவர், அன்டோனியோ தெல் வாயே. அன்டோனியோவின் அம்மா மனுவேலா இனோசென்சியா செர்ரானோ கணவரை இழந்தவர். 1871இல் பிரபு கல்யாணம் செய்துகொண்டது இந்த அம்மாவைத்தான். மாப்பிள்ளைக்கு 26 வயது, பெண்ணுக்கு 55. நண்பன் ஒரே நாளில் மகன் முறையாகிவிட்டான். நண்பனின் தங்கை அமேலியா மகள் முறை. அவளுக்கும் இவருக்கும் வயது வித்தியாசம் ஐந்து வருஷம்தான்.

என் மனைவி இதைக் கேட்டதும், "ஏங்க, காசுக்காகத்தானே?" என்றாள். அப்படியும் இருக்கலாம், அப்படி மட்டும் இல்லாமலும் இருக்கலாம். செல்வத்தில் நல்ல பங்கு அந்த அம்மா பக்கத்திலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் நான்கு பேரும் கடைசி வரை ஒரே குடும்பமாக இருந்தார்கள் என்பதும் உண்மை. ஐரோப்பா முழுக்க ஒன்றாகச் சுற்றினார்கள், ஒன்றாகப் பொருள் வாங்கினார்கள், இந்த மாளிகையையும் ஒன்றாகக் கட்டினார்கள். அன்டோனியோவும் பழம்பொருள் பைத்தியம்தான். மனுவேலா 1896இல் இறந்தார், அன்டோனியோ 1900இல். அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெரிய வீட்டில் பிரபுவும் அமேலியாவும்தான். அவர் திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காசுக்காக மட்டும் கட்டியவர் என்றால் கணக்கு இப்படி வராது என்பது என் அபிப்பிராயம். மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கட்டடம் 1883 முதல் 1893 வரை எழும்பியது. அன்றைய மாட்ரிட்டில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த பகுதி இது. கட்டும்போதே பாதி வீடு, பாதி காட்சிக்கூடம் என்றுதான் திட்டம். இரண்டு தளங்களைச் சுற்றிப் பார்க்கலாம். கீழே இருப்பது குடும்பம் அன்றாடம் புழங்கிய அறைகள். மேலே இருப்பது விருந்தாளிகளுக்கு. பார்வையைக் கீழிருந்து தொடங்குங்கள். நிறையப் பேர் நேராகப் படியேறி நடன அறைக்கு ஓடுகிறார்கள். கீழ்த்தளத்தை முதலில் பார்த்தால்தான் மேலே இருப்பது எவ்வளவு பெரிய மேடை அலங்காரம் என்பது புரியும். கீழே உட்காருவதற்கு நாற்காலி, படுப்பதற்குக் கட்டில், சுவரில் சாமி படம். அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் படிக்கட்டு. அகலமாக, இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் பாவாடை உரசாத அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். நான் அதில் பார்த்தது கைப்பிடியை. இரும்பை அடித்து வளைத்துச் செய்த கிராதி. சுருள் சுருளாகப் போகிற வேலைப்பாடு. இந்த வீட்டுக்காகச் செய்ததல்ல. 18ஆம் நூற்றாண்டில் பார்பரா தெ பிரகன்சா அரசி மாட்ரிட்டில் கட்டிய சலேசாஸ் ரியாலெஸ் கன்னிமாடத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் மடங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அப்போது கலைந்து வெளியே வந்த பொருள்கள் எத்தனையோ. கன்னியாஸ்திரிகள் பிடித்து இறங்கிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடன விருந்துக்கு ஏறிப் போயிருக்கிறார்கள்.

இந்த வீட்டில் நிறையப் பொருள்களுக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது. யாரோ ஒருவர் நொடித்துப்போனதால் இவர் கைக்கு வந்தவை. ஓவியங்களில் சில சலமாங்கா மார்க்விஸின் தொகுப்பில் இருந்தவை. அந்த சலமாங்கா யார் என்றால், ரயில் பாதை போட்டவர், வங்கிக்காரர், இன்றைக்கும் மாட்ரிட்டின் பணக்காரப் பேட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது. சம்பாதித்ததை எல்லாம் விட்டுவிட்டு, கடனோடு 1883இல் இறந்தார். அதற்கு முன்பே அவருடைய ஓவியங்கள் பாரிஸில் ஏலம் போயிருந்தன. செர்ரால்போ மாளிகைக்கு அடித்தளம் போட்ட வருஷமும் 1883தான். அடகுக் கடையில் உட்கார்ந்து பழகியவனுக்கு இதெல்லாம் பழகிய வரவு செலவுதான். ஒரு வீடு சரிகிற இடத்தில் இன்னொரு வீடு எழும்பும்.

மேல்தளத்து அறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை. ஆயுத அறையில் கவசங்கள் நிற்கின்றன. பக்கத்தில் அரேபிய பாணியில் ஒரு புகைபிடிக்கும் அறை, அதில் மொராக்கோ, பிலிப்பைன்ஸ், சீனா என்று எங்கெங்கிருந்தோ வந்த பொருள்களோடு ஒரு ஜப்பானியச் சாமுராய் கவசமும் இருக்கிறது. சாப்பாட்டு அறையில் வேட்டைக் காட்சிகளும் பழம், மீன் வரைந்த படங்களும். நடுமுற்றத்தைச் சுற்றி வருகிற தாழ்வாரங்களில் கண்ணாடி, பளிங்குத் தலைகள், கடிகாரங்கள், சரவிளக்குகள். கண்ணுக்கு ஓய்வே கிடையாது. உண்மையைச் சொன்னால் ஒரு கட்டத்தில் எனக்குத் திகட்டியது. பிரபுவுக்குக் காலி இடம் என்றாலே ஆகாது போலிருக்கிறது.

பில்லியர்ட்ஸ் அறையில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே இருக்கிற மேஜை ஏழாம் பெர்னாண்டோ அரசருடையது என்று சொல்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏழாம் பெர்னாண்டோவுக்கு ஆண் வாரிசு இல்லை. பட்டத்தைத் தம்பி கார்லோஸுக்குக் கொடுக்காமல் மகள் இசபெல்லாவுக்கு விட்டுவிட்டு 1833இல் போய்ச் சேர்ந்தார். தம்பி விடவில்லை. தம்பியின் ஆட்கள்தான் கார்லிஸ்டுகள். அடுத்த நாற்பது வருஷத்துக்கும் மேல் ஸ்பெயினில் மூன்று உள்நாட்டுப் போர்கள் நடந்து, 1876இல் கார்லிஸ்டுகள் கடைசியாகத் தோற்றார்கள். நம் செர்ரால்போ பிரபு அந்தக் கட்சியின் தலைவர்! வெளிநாட்டில் இருந்த அவர்களுடைய 'அரசர்' ஏழாம் கார்லோஸின் பிரதிநிதியாக 1890 முதல் ஸ்பெயினில் கட்சியை நடத்தியவர். எந்த அரசரால் தன் கட்சிக்கு அரியணை போனதோ அதே அரசரின் மேஜையில் கோலைப் பிடித்துப் பந்து தள்ளியிருக்கிறார். அறையில் இதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நீங்களே தெரிந்துகொண்டு போனால் சிரித்துக்கொள்ளலாம்.

அரசியலைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். கார்லிசம் என்பது ராஜாவும் திருச்சபையும் பழைய உரிமைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்சி. தேர்தல், தாராளவாதம் எல்லாம் அவர்களுக்குக் கசப்பு. எனக்கு அந்தக் கொள்கையில் ஒட்டுதல் கிடையாது. ஆனால் பிரபு அதை நடத்திய விதம் புதுசு. தோற்ற கட்சியைத் துப்பாக்கியை விட்டுவிட்டு ஊர் ஊராக மன்றம் திறந்து, பத்திரிகை நடத்தி, ரயிலில் சுற்றுப்பயணம் போய்க் கட்டினார். 1890இல் வலென்சியாவுக்குப் போனபோது எதிர்ப்பாளர்கள் கல்லெறிந்து கலாட்டா செய்தார்கள். போரில் இறந்த கார்லிஸ்டுகளுக்காக மார்ச் 10ஆம் தேதி நினைவு நாள் கொண்டாட வேண்டும் என்று 1895இல் ஏழாம் கார்லோஸ் எழுதிய கடிதமும் இவருக்கு வந்ததுதான். 1899இல் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னால் திரும்ப வந்தார், முதல் உலகப் போரின் முடிவில் ஒரேயடியாக ஒதுங்கிக்கொண்டார். அவருடைய ராஜா அரியணை ஏறவே இல்லை.

இனி கோயில் அறை. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறிய தேவாலயம் வைத்திருக்கிறார்கள். அதில் எல் கிரெகோ வரைந்த ஒரு ஓவியம் இருக்கிறது, புனித பிரான்சிஸ் பரவசத்தில் இருப்பது போல. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. சாம்பல் நிற அங்கி, மேல்நோக்கிய முகம். பிராடோவில் எல் கிரெகோவின் படங்களைக் கூட்டத்தில் எக்கி எக்கித்தான் பார்க்க வேண்டும். இங்கே நான் நின்றபோது கூட யாருமே இல்லை. அதைவிட முக்கியம், படம் எதற்காக வரையப்பட்டதோ அந்த மாதிரி இடத்திலேயே இருக்கிறது. பிரார்த்தனை செய்கிற அறையில், மங்கலான வெளிச்சத்தில். வெள்ளைச் சுவரில் மின்விளக்குக்குக் கீழே பார்க்கிற பிரான்சிஸ் வேறு, இவர் வேறு. எல் கிரெகோவை உலகம் ரொம்ப நாள் மறந்திருந்தது. அவருக்கென்று பிராடோ முதல் தனிக் கண்காட்சி நடத்தியதே 1902இல்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் இருக்கிற ஓவியம் எல்லாம் இதே தரம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரபு நிறைய வாங்கினார், நிறைய நம்பினார். பெரிய பெயர் சொல்லி விற்ற சில படங்கள் சீடர் வேலை, நகல் வேலை என்று பிற்காலத்து அறிஞர்கள் இறக்கிவிட்டார்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இது நடக்கும். 22 கேரட் என்று வந்த சங்கிலியில் பாதியைத் தள்ளிக் கணக்குப் போடுவது எனக்குப் புதிதல்ல. அருங்காட்சியகம் இதை மறைக்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். தங்கள் குறிப்புகளில் 'பட்டறை', 'பின்பற்றியவர்' என்று நேர்மையாகவே எழுதுகிறார்கள்.

கடைசியில் நடன அறை. 1890களின் ஆரம்பத்தில் மாக்சிமோ ஹுதேரியாஸ் கபயேரோ என்கிற ஓவியர் மேற்கூரையை நிறைத்திருக்கிறார். மேலே உடல்கள் ஆடுகின்றன, கீழே கண்ணாடிகள் அதைத் திருப்பிக் காட்டுகின்றன. பளிங்கு, தங்க முலாம். எல்லாரும் கழுத்து வலிக்க மேலே பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கடிகாரத்தை. பிரெஞ்சுக்காரர் ஃபார்கோவின் பட்டறையில் செய்த 'மர்மக் கடிகாரம்'. சாதாரண ஊசல் இடமும் வலமும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே இருக்கிற பல் சக்கரத்தைப் பிடித்து விடுவதால் டிக் டிக் சத்தம் வரும். இதில் ஒரு சிலையின் கையிலிருந்து ஊசல் தொங்குகிறது. அது பக்கவாட்டில் போகாமல் வட்டமாகச் சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். நிறுத்தி விடுகிற பேச்சே இல்லாததால் டிக் சத்தம் கிடையாது. எந்த விசை அதைச் சுற்ற வைக்கிறது என்பது வெளியே தெரியாமல் மறைத்திருக்கிறார்கள். அதனால்தான் மர்மம். நடன அறைக்குப் பொருத்தமான சாமான். இசை நடுவே ஓசை எழுப்பாது, சுழலுகிற ஜோடிகளோடு அதுவும் சுழலும். வாங்கினவருக்கு ரசனை இருந்தது என்று நான் முழு மனதோடு ஒத்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மூடப் போறாங்க." நான் அந்த ஊசலின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இந்த ஆடம்பரம் எல்லாம் மனிதரின் பாதிதான். வயது அறுபதைத் தாண்டியபோது பிரபு மண்வெட்டியைப் பிடித்தார். சோரியா மாகாணத்தில் சாந்தா மரியா தெ உவெர்த்தா என்ற ஊரில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில், டோரல்பா ரயில் நிலையத்துக்காக 1888இல் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்திருந்தன. நேரான தந்தம் கொண்ட, அழிந்துபோன யானை இனத்தினுடையவை. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1909இல் பிரபு சொந்தச் செலவில் அங்கே தோண்டத் தொடங்கினார். யானை எலும்புகளோடு கல் கருவிகளும் கிடைத்தன. மனிதர்கள் யானையை வேட்டையாடினார்களா, செத்த யானையை அறுத்துத் தின்றார்களா என்ற சண்டை பிற்பாடு ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து பல வருஷம் போட்ட சண்டை. அதற்கு முதல் குழி தோண்டியது இந்த நடன விருந்துக்காரர்.

குவாதலஹாரா மாகாணத்தில் அகிலார் தெ அங்கித்தா என்ற இடத்தில் செல்டிபேரியர்களின் கல்லறைகளை ஆயிரக்கணக்கில் திறந்தார். ரோமானியர் வருவதற்கு முன்பு அந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்த மக்கள். பிணத்தை எரித்துச் சாம்பலைப் புதைத்து, வாளை வேண்டுமென்றே வளைத்துக் கூடவே வைப்பார்கள். நடுகற்களை வரிசை வரிசையாகத் தெருப் போல நட்டிருந்தார்கள் என்பதை அவர் பதிவு செய்தார். இந்த வேலைக்காகப் பார்சிலோனாவின் மார்டோரெல் பரிசு கிடைத்தது. வரலாற்றுக் கழகத்திலும் மொழிக் கழகத்திலும் உறுப்பினரானார். ஸ்பெயினின் முதல் அகழாய்வுச் சட்டம் வந்ததும் அந்தக் காலத்தில்தான், 1911இல். தோண்டி எடுத்ததை அவர் வீட்டுக்குள் அடைத்துக்கொள்ளவில்லை. தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் கொடுத்தார். அதனால் இந்த வீட்டில் அகழாய்வுப் பக்கம் கொஞ்சம் மெலிவாகத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் அவரோடு சேர்ந்துகொண்ட இளைஞர் ஹுவான் கப்ரே. 1882இல் பிறந்தவர், ஓவியராகத் தொடங்கித் தொல்லியலுக்கு வந்தவர். பிரபு இறந்த பிறகு இந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆனது அவர்தான். அறை அறையாகப் போய், எந்தச் சுவரில் எது, எந்த மேஜைமேல் எது என்று பட்டியல் எழுதினார். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த ஆள் இவர். மண்ணுக்குள் எந்த ஆழத்தில் எது கிடந்தது என்று எழுதிப் பழகிய கை, வீட்டையும் அதே மாதிரி எழுதியிருக்கிறது. இடத்தைக் குறிக்காத பொருளுக்குப் பாதி மதிப்பு போய்விடும் என்பது மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் தெரியும், அடகுப் பதிவேடு எழுதியவர்களுக்கும் தெரியும்.

பிரபுவின் உயில்தான் இந்த இடத்தின் உயிர். சேகரிப்பை நாட்டுக்கு விடுகிறேன், ஆனால் அது எப்போதும் பிரியாமல் ஒன்றாகவே இருக்க வேண்டும், அறிவியலிலும் கலையிலும் நாட்டம் உள்ளவர்கள் படிப்பதற்குப் பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்தவர்களின் உடைந்த தொகுப்புகளை ஏலத்தில் எடுத்து நிரப்பியவர், தன்னுடையது ஏலத்துக்குப் போகக் கூடாது என்று கட்டுப் போட்டுவிட்டார். ஏலக் கூடத்தில் உட்கார்ந்து சுத்தியல் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பயம் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு 1924இல் சொத்தை ஏற்றுக்கொண்டது. 1927இல் இறந்த அமேலியாவும் தன் பங்கை இதோடு சேர்த்துவிட்டார்.

நிபந்தனை காகிதத்தில் இருந்தாலும் இடையில் வீடு கொஞ்சம் குலைந்தது. கீழ்த்தளத்தின் அறைகளை ஒரு காலத்தில் சாதாரணக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். பிறகு கப்ரேயின் பட்டியலையும் பழைய புகைப்படங்களையும் வைத்து ஒவ்வொன்றையும் தன் இடத்துக்குத் திருப்பினார்கள். பல வருஷம் மூடி வைத்து வேலை செய்து 2010 இறுதியில் மறுபடி திறந்தார்கள். நாம் இன்று பார்ப்பது அந்த உழைப்பின் பலன். அரசுத் துறை ஒன்று இவ்வளவு பொறுமையாக ஒரு வேலையைச் செய்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அப்படியே நடந்து லிரியா அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆல்பா பிரபுக்களின் வீடு. 2019இலிருந்து பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். ஓவியத்தைப் பொறுத்தவரை செர்ரால்போ அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கோயா, வெலாஸ்கெஸ், டிஷியன் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். கட்டணமும் பல மடங்கு. ஆனால் லிரியா 1936 நவம்பரில் உள்நாட்டுப் போரின்போது குண்டு விழுந்து எரிந்துபோனது. வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. உள்ளே இருப்பது பிற்பாடு கட்டியது. படங்கள் பழையவை, வீடு புதியது. செர்ரால்போவுக்கு மிக அருகில் மொந்தான்யா படைமுகாம் இருந்தது. 1936 ஜூலையில் மாட்ரிட்டின் முதல் பெரிய சண்டை அங்கேதான் நடந்தது. அந்த முகாம் இருந்த இடத்தில்தான் இன்றைக்கு எகிப்து கொடுத்த தெபோத் கோயில் நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்த வீடு நின்றுவிட்டது.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். சுவரில் விளக்கச் சீட்டு ஒட்டுவதில்லை. வீடு வீடாகவே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. புரிகிறது, எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் எதுவும் படிக்காமல் போகிறவர்களுக்கு அது ஒரு பெரிய வீட்டின் சாமான் குவியலாகத்தான் தெரியும். இணையத்தில் அரை மணி நேரம் படித்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, கதை முழுக்கப் பிரபுவைச் சுற்றியே போகிறது. மனுவேலா இல்லாவிட்டால் இந்த மாளிகை இந்த அளவில் எழுந்திருக்காது. அமேலியா தன் பங்கைத் தராவிட்டால் தொகுப்பு முழுமையாகியிருக்காது. இரண்டு பெண்களுக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அரசியலையும் அவ்வளவாகத் தொடுவதில்லை. கலை ஆர்வலர், தொல்லியலாளர் என்று சொல்வது எளிது. மக்களாட்சியை விரும்பாத ஒரு கட்சியின் தலைவர் என்று சொல்வது கொஞ்சம் சங்கடம்தானே.

மதிப்புப் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை, அந்த இரண்டு பெண்களுக்காக.

நடைமுறை விஷயங்கள். மெட்ரோவில் பிளாசா தெ எஸ்பான்யா அல்லது வென்டூரா ரோட்ரிகெஸ் நிலையத்தில் இறங்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய் முதல் சனி வரை காலை 9.30 முதல் மதியம் 3 மணி வரை, ஞாயிறு 10 முதல் 3 வரை. வியாழன் மட்டும் சாயந்திரம் 5 முதல் 8 வரை கூடுதலாகத் திறக்கிறார்கள், அந்த நேரம் இலவசம். சனி மதியம் 2 மணிக்கு மேலும், ஞாயிறு முழுக்கவும் இலவசம். கிளம்புவதற்கு முன் அவர்களுடைய தளத்தில் நேரத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இலவச நேரத்தில் கூட்டம் இருக்கும், அறைகள் சின்னவை, சாமான்களுக்கு நடுவே குழந்தையை இழுத்துக்கொண்டு நடப்பது சிரமம். 3 யூரோ கொடுத்து வாரநாள் காலையில் போவது மேல். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள், சின்னதுதான், ஆனால் அந்த அலங்காரத்துக்குப் பிறகு கண்ணுக்கு இதம். அகழாய்வில் ஆர்வம் இருந்தால் அடுத்த நாள் செர்ரானோ தெருவில் இருக்கிற தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய், செல்டிபேரியர் பகுதியைத் தேடிப் பாருங்கள். பிரபு கொடுத்தவை அங்கேதான் இருக்கின்றன.